மாமி மிதித்துப் பார்த்த சைக்கிள்

அன்று எங்கள் ஊர்ப் பொதுத் திடலில் கூடியிருந்தவர்கள்: திருச்சியிலிருந்து ஜீப்பில் வந்த குழுத் தலைவர், அவரோடு நாலு உறுப்பினர்கள், மெஷினைச் செய்த பிரபு அண்ணன், போட்டோ எடுக்க ஒருவர், செத்துப்போன லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஊர்ப் பிள்ளைகள், அப்புறம் நான். வராதவர்கள்: கரண்ட், என் அம்மா, மாமி.

கரண்ட் வராத காரணம் எல்லோருக்கும் தெரியும். ஐப்பசி மழையில் பச்சைமலையில் எங்கள் பக்கம் மண் சரிந்து கம்பங்கள் சாய்ந்துவிட்டன. ரோடும் பாதி அறுந்துவிட்டது. ஜீப் ஒட்டிக்கொண்டு ஏறிவிடும். கம்பம் ஏற்றிய லாரி ஏறாது. ரோடு சரியானால்தான் கம்பம், கம்பம் வந்தால்தான் கரண்ட். பள்ளிக்கூடத்துக்கும் அதே கம்பிதான். பள்ளிக்கூடத்துக் கூரையில் இருந்த சோலார் தகட்டை மழையோடு வந்த காற்று எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டது.

அம்மா வராதது எனக்கு மட்டும் உறுத்தியது. மாமி வராததுதான் தலைவருக்குத் தாங்கவில்லை.

"நாலு நாள் முன்னாடியே மெஷினைத் தூக்கிட்டு மலைக்கு வந்தாங்களேப்பா. பேனர் கட்டியாச்சு. மெஷினும் இல்ல, அவங்களும் இல்ல. வெறும் பேனரையா பிள்ளைங்ககிட்ட குடுக்கிறது?"

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அந்தம்மா உங்க வீட்டுலதாண்ணே இருக்காங்க. வந்த அன்னிலேர்ந்து."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பள்ளிக்கூடத்தில் தங்குவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மாமியை முழுசாகத் தெரிந்திருந்தால் அப்படி நினைத்திருக்க மாட்டேன்.

மாமி என்று நாங்கள் எல்லோரும் கூப்பிட்டோமே தவிர, அவருக்கு அப்போது நாற்பது வயதுதான் இருக்கும். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் வீடு, மன்னார்புரம் பக்கம் ஒரு வங்கியில் காசாளர் வேலை. எங்கள் குழு பெரிய அமைப்பு ஒன்றும் இல்லை. கடை, உத்தியோகம் என்று இருக்கிற பத்துப் பதினைந்து பேர் மாதாமாதம் பணம் போட்டு, படிக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது செய்வார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். என் கல்லூரி ஹாஸ்டல் ஃபீஸ் அவர்கள் கட்டியதுதான்.

அதற்கான நேர்காணலில்தான் மாமியை முதலில் பார்த்தேன். வராந்தா பெஞ்சில் காலையிலிருந்து எங்களோடு உட்கார்ந்திருந்தார். யாரோ ஒரு பையனின் அம்மா என்று நினைத்தேன். மத்தியானம் என் பக்கம் திரும்பி, "சாப்டியா?" என்றார்.

"இல்லீங்க. சாப்பிடப் போற நேரத்துல கூப்பிட்டுட்டா?"

"நானும் அதனாலதான் போகலை" என்றார். சாயங்காலம் வரை அவரும் பச்சைத் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார். கடைசியாக என்னை உள்ளே கூப்பிட்டபோது அவரும் எழுந்து கூடவே வந்து, மேஜைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். கேள்வி கேட்கும் ஆட்களில் ஒருவர்! என்னிடம் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மற்றவர்களைப் பார்த்து, "காலம்பற பத்து மணிக்கு எல்லாரையும் வரச் சொன்னது யாரு?" என்று மட்டும் கேட்டார். அடுத்த வருடத்திலிருந்து ஆளுக்கொரு நேரம் எழுதி அனுப்பினார்கள்.

அவர் குணமே அதுதான். தான் பட்டுப் பார்க்காத எதையும் இன்னொருவர் கையில் கொடுக்க மாட்டார். எங்கள் ஹாஸ்டலுக்கு அரிசி பருப்பு வாங்கிக் கொடுக்கப் பேச்சு வந்தபோது, அந்த அரிசியை வீட்டில் ஒரு வாரம் சமைத்தார். ஏதோ கையெழுத்து வாங்கப் போன என்னை அவர் வீட்டுக்காரர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"வாப்பா. இன்னிக்கும் உங்க ஹாஸ்டல் தளிகைதான். பெருமாளுக்கு மட்டும் தனியா நல்ல அரிசி. நான் பெருமாளாப் பொறந்திருக்கலாம்."

உள்ளேயிருந்து மாமி குரல் வந்தது. "பெருமாள் ஹாஸ்டல்ல படிக்கலை. அதனால அவருக்கு விலக்கு."

செருப்புக் கதையும் உண்டு. தலைவர் தெரிந்த கடையில் சல்லிசாக அறுபது ஜோடி பேசி முடித்துவிட்டார். மாமி ஒரு ஜோடியை வாங்கிப் போட்டுக்கொண்டு மழையில் நடந்தார். அம்மா மண்டபம் ரோட்டில் வார் அறுந்தது. மறுநாள் கூட்டத்தில் அறுந்த செருப்பை மேஜைமேல் வைத்தார். தலைவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "இலவசமாக் குடுக்கிறதுல இவ்வளவு பார்த்தா எப்படிங்க மாமி?"

"நான் ஒண்ணும் சொல்லலை சார். நீங்க இன்னொரு ஜோடியைப் போட்டுண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து ஒரு சுத்து நடந்துட்டு வாங்கோ. அப்புறம் பேசுவோம்."

செருப்பு திரும்பிப் போனது. நல்ல செருப்பு வர இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதம் வெறுங்காலோடு நடந்தவர்களில் நானும் ஒருவன். அதனால் மாமியின் மேல் எனக்கு இருந்தது பாதி மரியாதை, பாதி கலக்கம். நமக்கு அவசரமாக ஒன்று வேண்டியிருக்கும்போது, அதை இவர் பட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது?

அப்படித்தான் ஆனது. என் தங்கை வளர்மதி அப்போது பிளஸ் டூ. எனக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப்பை அவளுக்கு விட்டுவிட்டு வந்திருந்தேன். கணக்கும் இயற்பியலும் வீடியோ பாடங்களாக அதில் ஏற்றியிருந்தது. அவள் அதைத்தான் நம்பியிருந்தாள். கம்பம் சாய்ந்ததும் பாடம் நின்றது. பரீட்சைக்கு மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அவள் தேறாவிட்டால் கல்யாணப் பேச்சு எடுக்க என் பெரியப்பா வீட்டில் காத்துக்கொண்டிருந்தார்கள். சார்ஜ் ஏற்ற ஏதாவது வழி உண்டா என்று நான் குழுவில் எழுந்து நின்று கேட்டேன்.

பிரபு அண்ணன் போனில் ஒரு படம் காட்டினார். எங்கேயோ ஆப்பிரிக்கப் பக்கத்தில் கரண்ட் இல்லாத ஊர். சின்னப் பிள்ளைகள் லேப்டாப்புக்கு ஒரு கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "இதை நான் பண்ணிடுவேன்" என்றார். பண்ணியும்விட்டார்.

மாமி அதை வாங்கி ஒரு லேப்டாப்போடு பையில் போட்டுக்கொண்டு, மறுநாள் ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறியதிலிருந்து சுற்ற ஆரம்பித்திருக்கிறார். கண்டக்டர் குனிந்து பார்த்து, "என்னங்கம்மா, இடியாப்பம் பிழியிற மெஷினா?" என்று கேட்டாராம்.

"கரண்ட் பிழியறேன்ப்பா. நீ ஒரு சுத்து சுத்தேன்."

கண்டக்டர் சுற்றினாராம், பக்கத்து சீட்டு காலேஜ் பெண் சுற்றினாளாம். மன்னார்புரம் வந்து லேப்டாப்பைத் திறந்தால், கண் விழித்து வணக்கம் சொல்லிவிட்டு அணைந்துவிட்டது. அன்று முழுக்க மாமியால் நோட்டு எண்ண முடியவில்லை, விரல் நடுங்கியது. "கையால ஆகாது. காலால பாருங்கோ" என்று பிரபு அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்தது சைக்கிள். ஸ்டாண்டில் நிறுத்திய பழைய சைக்கிள், பின் சக்கரத்திலிருந்து ஒரு பெல்ட், பெல்ட்டில் ஒரு டைனமோ, அதிலிருந்து ஒரு பெரிய பேட்டரி. யார் எப்போது மிதித்தாலும் பேட்டரியில் சேரும். அப்புறம் லேப்டாப்பைச் சொருகிக்கொள்ளலாம். தலைவரின் கடைக் குடோனில் இன்ஜினியரிங் பையன்கள் மூன்று பேர் மாறி மாறி மிதித்தார்கள். மிதித்து முடித்ததும் பிரியாணி. பேட்டரி நிரம்பி வழிந்தது. தலைவர் அன்றைக்கே தேதி குறித்துவிட்டார்.

மாமி வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் மிதித்தார். "எப்படி மாமி இருக்கு?" என்று ஆவலாகக் கேட்டேன்.

"நன்னாத்தான் இருக்கு. ஆனா ஃபேனுக்கு அடியில உக்காந்து, காபி குடிச்சுட்டு மிதிச்சேன். அது கணக்குல வராது. மேல போய் மிதிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்."

லீவு போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கு அந்த வாரம் செமஸ்டர் பரீட்சை. ஊரில் இறங்கியதும் அவர் கேட்ட கேள்வி, "பிளஸ் டூ படிக்கற பொண்ணு இருக்கற வீட்டுல, ரொம்ப வேலை பார்க்கற அம்மா யாரு?" என்பதாம். கை நீட்டியவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டைக் காட்டியிருக்கிறார்கள்.

திடலிலிருந்து வீட்டுக்கு ஓடினேன். வாசலில் சைக்கிள் நின்ற இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மேலே மாமி. புடவையை இழுத்துச் செருகி, கிழங்கு பிடுங்கிப் பிடுங்கித் தோலுரிந்த உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தார். முகம் கறுத்திருந்தது. கீழே அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியா? இரு, இன்னும் கொஞ்ச நேரம்தான்."

"மாமி, எல்லாரும் திடல்ல காத்துக்கிட்டு இருக்காங்க."

"இருக்கட்டும்."

அம்மா என்னிடம் முறையிட்டாள். "நீயாச்சும் சொல்லுடா. எறங்குங்கன்னா எறங்க மாட்டேங்கறாங்க. நாங்க என்ன திங்கறமோ அதான் திங்கறாங்க, எங்கூடவே காட்டுக்கு வராங்க, வந்து இதுல ஏறிக்கறாங்க. முட்டி எப்படி வீங்கிக் கெடக்கு பாரு."

மாமி இறங்கினார். உடனே நிற்க முடியவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டார்.

"இதை நான் கொடுக்க மாட்டேன். போய்ச் சொல்லிடு."

"என்ன மாமி சொல்றீங்க?"

"உன் தங்கை காலம்பற தண்ணி எடுத்து வெச்சுட்டு ஸ்கூலுக்கு நடந்து போறா, நடந்து வரா. வந்து ஆடு, பாத்திரம். அப்புறம் இதை மிதிச்சா, பாடம் ஓடறச்சே கண்ணு சொக்கிப் போறது. முதல் நாள் அவ மிதிச்சா. ரெண்டாம் நாள்லேர்ந்து யாரு மிதிச்சான்னு உங்கம்மாவைக் கேளு."

"நாந்தான் மிதிச்சேன்" என்றாள் அம்மா. "அதுக்கென்ன இப்ப?"

"நாள் பூரா மரவள்ளி பிடுங்கிட்டு வந்து மிதிக்கறா. நானும் பிடுங்கினேன், நானும் மிதிச்சேன். ஒரு மனுஷி தினம் இதைப் பண்ண முடியாது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பரீட்சைக்கு மூணு மாசம்தான் இருக்கு மாமி. செருப்பு மாதிரி இதையும் திருப்பி அனுப்பிட்டு ரெண்டு மாசம் யோசிச்சீங்கன்னா, என் தங்கச்சிக்கு எல்லாம் முடிஞ்சு போயிரும்."

ஆனால் என்னைவிடக் கோபமாக எழுந்தது அம்மாதான்.

"ஏங்க, என் காலு, எம் பொண்ணு. வேண்டாம்னு சொல்ல நீங்க யாருங்க? உங்களுக்கு முட்டி வீங்குச்சுன்னா அது உங்க முட்டி. என் முட்டி என்ன சொல்லுதுன்னு எங்கிட்ட கேட்டீங்களா? நாலு நாளு இருந்தீங்க, சந்தோஷம். நாளைக்குக் கீழ போயிருவீங்க. போறப்ப இதையும் தூக்கிக்கிட்டுப் போயிட்டா எங்களுக்கு என்ன மிச்சம்?"

மாமி வாசற்படியில் உட்கார்ந்தார். முட்டியைத் தடவிக்கொண்டார். "கேக்கலை. தப்புதான்" என்றார்.

உள்ளேயிருந்து வளர்மதி வந்தாள். அழுதிருந்தாள். "எனக்கு இது வேண்டாம்மா."

"ஏன்டி?"

"நீ மிதிக்கிற சத்தம் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு. ஒரு கணக்கும் மண்டையில ஏறல. நேத்து சார்ஜ் ஏறிருச்சு, போதும்னு சொன்னேன்ல, ஏறல. நீ எறங்கணும்னு பொய் சொல்லி மூடி வெச்சேன்."

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்போது கீழே டீக்கடையிலிருந்து ஒரு பெரிய சிரிப்புச் சத்தம் வந்தது. சீட்டாட்டத்தில் யாரோ ஜெயித்திருப்பார்கள்.

அம்மா அந்தப் பக்கம் திரும்பினாள். "சும்மா கெடக்கிற காலு ஊருல இல்லாமலா போச்சு? சாயங்காலமானா டீக்கடை பெஞ்சுல வரிசையாத் தொங்குதே. இவங்கப்பன் காலு உட்பட."

மாமி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "தூக்குடா அந்தப் பக்கம்" என்று என்னிடம் சொன்னார் மாமி.

நாங்கள் சைக்கிளையும் பேட்டரியையும் தூக்கிக்கொண்டு திடலைக் கடந்தபோது தலைவர் பதறினார். "மாமி! ஃபங்ஷன் இங்க!"

"ஃபங்ஷன் டீக்கடையில சார். பேனரைக் கழட்டி எடுத்துண்டு வாங்கோ."

டீக்கடை அண்ணாமலை அண்ணன் வழியை மறித்தார். "கடைக்குள்ள சைக்கிளா? நிக்கறதுக்கே எடமில்லீங்க."

"ஒரு டீ எவ்வளவு?"

"பத்து ரூபா."

"ஒண்ணு கொடுங்கோ." வாங்கி நின்றபடியே குடித்தார். "சக்கரை ஜாஸ்தி. மிதிக்கறவாளுக்கு இருக்கட்டும்" என்றார். அங்கேயே விதி சொன்னார்: அரை மணி மிதித்தால் ஒரு டீ. பேட்டரி முதலில் லேப்டாப்புக்கு. போனுக்குச் சார்ஜ் போடுகிறவர் அதற்குத் தனியாக மிதிக்க வேண்டும். "பிள்ளைங்க இதுல ஏறக் கூடாது. பொம்மனாட்டிகளும்தான்."

பெஞ்சில் ஒருவரும் அசையவில்லை. அம்மா அப்பாவையே பார்த்தபடி நின்றாள். சீட்டைக் கீழே வைத்து, துண்டை உதறி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா எழுந்தார்.

"மச்சான், துறையூர் வந்ததும் சொல்லு, எறங்கிக்கறேன்" என்றார் மாமா ஒருவர். கடையே சிரித்தது.

"நீ டிக்கெட்டு எடுடா மொதல்ல" என்று சொல்லிவிட்டு அப்பா மிதித்தார்.

போட்டோக்காரர் தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மாமி, போட்டோவுக்கு மட்டும் ஒரு பிள்ளை ஏறி மிதிக்கிற மாதிரி..."

"கூடாது."

அதனால் குழு அலுவலகத்தில் இன்றைக்கும் மாட்டியிருக்கும் படத்தில், பேனருக்குக் கீழே மிதித்துக்கொண்டிருப்பது என் அப்பா.

ஜீப் கிளம்பும் முன் தலைவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "மெஷினுக்குப் பணம் ஒதுக்கியாச்சு மாமி. டீக்கெல்லாம் ஒதுக்க முடியாது. ஆடிட்டர் சிரிப்பாரு."

"சிரிக்கட்டும். அதை நான் பார்த்துக்கறேன்."

எல்லாம் சுலபமாக நடந்துவிட்டது என்று சொன்னால் பொய். முதல் வாரம் மிதிக்கப் போட்டி. இரண்டாவது வாரம் ஆளுக்கு முதுகுவலி. அப்புறம் அம்மாவே ஒரு வேலை செய்தாள். காட்டிலிருந்து வரும்போது வீட்டுக்குப் போகாமல் நேரே டீக்கடை வாசலில் போய் நிற்பாள். ஒன்றும் பேச மாட்டாள், மண்வெட்டியோடு நிற்பாள். பேட்டரியில் பச்சை விளக்கு வந்த பிறகுதான் நகர்வாள். மற்ற பிள்ளைகளின் அம்மாக்களும் பக்கத்தில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். "சீட்டாட்டத்துக்குப் போலீஸ் வந்தாக்கூட இவ்வளவு பயமில்லப்பா" என்று அப்பா என்னிடம் போனில் புலம்பினார். பெல்ட் இரண்டு முறை அறுந்தது. பிரபு அண்ணன் அடிவாரம் வரை பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். பேங்க் லீவான சனிக்கிழமைகளில் மாமி மலை ஏறி வருவார். வந்தவுடன் அம்மாவிடம் போய், "உங்க முட்டி எப்படி இருக்கு?" என்பார். பிறகு டீக்கடைக்குப் போய் அரை மணி மிதிப்பார். பெண்கள் ஏறக் கூடாது என்ற விதியில் தனக்கு மட்டும் விலக்கு. மிதித்த டீயைக் குடித்துவிட்டு, பெஞ்சில் இருக்கிறவர்களிடம் நோகாமல் பேச்சுக் கொடுப்பார். அவர் மிதிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அவர்களால் முடியாது.

பரீட்சை முடிந்த பிறகுதான் புதுக் கம்பம் வந்தது. வளர்மதி தேறினாள். கணக்கில்தான் அவளுக்கு அதிக மார்க்கு. இப்போது திருச்சியில் கல்லூரி கடைசி வருடம். நானும் மன்னார்புரத்தில் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். மாமியின் வங்கி வழியாகத்தான் தினமும் போகிறேன். அவர் அங்கே இல்லை. மாற்றலாகி வடக்கே போய்விட்டார். போன ஊரில் எதைப் பட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ.

போகிறதற்கு முன்னால், டீக்கடைப் பாக்கியைத் தீர்க்க ஒருமுறை மலைக்கு வந்தார். அண்ணாமலை அண்ணன் மிதித்துக் குடித்தது, மிதிக்காமல் குடித்தது என்று பிரித்துச் சொன்னார். மிதிக்காமல் குடித்ததில் பெரும்பங்கு அப்பாவுடையது. அதை அப்பாவே கட்டட்டும் என்று ஒதுக்கியாயிற்று. மாமி கைப்பையைத் திறந்தார். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாதி நானு."

"வேண்டாம்மா. நான்தானே ஒத்துண்டேன்."

"எம் பொண்ணு படிச்சதுக்கு முழுசும் நீங்க குடுத்துட்டா, நான் எதுக்கு இருக்கேன்?"

மாமி மறுக்கவில்லை. அம்மா இடுப்புப் பையை அவிழ்த்து, கிழங்குக் கூலியில் சேர்த்த நோட்டுகளை எடுத்துக் கொடுத்தாள். அதை வாங்கித் தன் பணத்தோடு சேர்த்து, பேங்க்கில் எண்ணுகிற மாதிரியே ஒரு முறைக்கு இரண்டு முறை எண்ணி டீக்கடைப் பலகைமேல் வைத்தார் மாமி. மொத்தம் ஆறாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய். ஆளுக்கு மூவாயிரத்து முந்நூற்று எழுபது.